யாருடைய சீட்டைச் சோதிப்பது?

வேலை கேட்டு வருகிறவனுக்கு அவ்வேலையைச் செய்யச் சட்டப்படி உரிமை உண்டா என்று முதலாளி பார்த்த பிறகே அமர்த்த வேண்டும் என்னும் விதி இன்று பல தேசங்களில் இருக்கின்றது. அமெரிக்காவில் 1986-ம் வருஷச் சட்டம் முதல் இது கட்டாயம். இங்கிலாந்தில் இவ்விதியை மீறும் முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 60,000 பவுன் வரை அபராதம் போடலாம் என்று 2024-ல் உயர்த்தி விட்டார்கள். அதெல்லாம் அந்நிய நாட்டாரைப் பற்றிய விதி. ஜவ்வாது மலையில் இருந்து கூலிக்குப் போகிறவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம்.

நம் அரசியல் சட்டப்படி இந்நாட்டுக் குடிமகன் இந்நாட்டில் எங்கும் போய்ப் பிழைக்கலாம். ஜமுனாமரத்தூர் மலையாளி திருப்பதிப் பக்கம் வேலை செய்ய எவனிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆகவே இங்கே சோதிக்க வேண்டியது தொழிலாளியின் யோக்கியதையை அல்ல. அழைத்துப் போகிறவனின் யோக்கியதையையும், கொடுக்கப்படும் வேலையின் யோக்கியதையையுமே ஆகும்.

இதைச் சோதிக்காததன் பலன் என்ன? 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைக் கூலிகள். செம்மரம் வெட்ட வந்தார்கள் என்றது போலீசு. கட்டட வேலைக்கென்று போனார்கள் என்றார்கள் உறவினர்களில் சிலர். எது எப்படியாயினும், ஆள் பிடித்து அனுப்பும் தரகனும் மரத்தை விற்றுக் கொழுக்கும் வியாபாரியும் அந்தக் காட்டில் பிணமாகக் கிடக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். செத்தவனுடைய தலைவிதி என்று சொல்லி வாயை மூடிக் கொள்வது யாருக்கு லாபம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சட்டம் இல்லாமலா இருந்தது? முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் கொத்தடிமை முறையை 1976-ம் வருஷச் சட்டம் ஒழித்து, அக்கடனையும் ரத்து செய்தது. வெளிமாநிலத்திற்கு ஆள் கொண்டு போகும் ஒப்பந்தக்காரன் லைசென்ஸ் பெற வேண்டும், ஒவ்வொருவனுக்கும் படம் ஒட்டிய புத்தகம் கொடுக்க வேண்டும் என்று 1979-ல் விதித்தார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதும், 18 வயதாகாதவனை அபாயத் தொழிலில் வைப்பதும் குற்றமென்று 2016-ல் திருத்தினார்கள். இவ்வளவும் ஏட்டில். மேஸ்திரி கையிலோ முன்பணம்!

சீட்டு என்றாலே நன்மை என்றும் நினைக்க வேண்டாம். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் அத்துண்டு இல்லாமல் தமிழ்க் கூலி வேறு தோட்டத்தில் சேர முடியாது. அது கூலியின் கழுத்துக் கயிறாயிற்று. 1921-ல் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டியதாயிற்று. எனவே சோதனையென்ற பேரால் ஜாதிச் சான்றையும், ரேஷன் கார்டையும் பிடுங்கி வைத்துக் கொள்ளும் முதலாளி நவீனத் துண்டுக்காரனே.

யோக்கியமான முதலாளி கேட்க வேண்டியவை மூன்றே: வயது என்ன? அழைத்து வந்தவன் யார், அவனுக்கு லைசென்ஸ் உண்டா? முன்பணம் வாங்கினாயா? "மேஸ்திரி கொண்டு வந்தான், எனக்குத் தெரியாது" என்பது பித்தலாட்டம். கூலி கொடுப்பவன் தெரிந்து கொள்ளக் கடமைப்பட்டவன்.

மலைத் தோழர்களே! நீங்களும் கேளுங்கள்: எந்த ஊர், என்ன வேலை, யார் முதலாளி, என்ன கூலி? இவற்றை எழுதிக் கொடுக்க மறுக்கிறவனுடைய வண்டியில் ஏறாதீர்கள்.