‘கவனித்து வருகிறோம்’ என்றால் யார் பக்கம்?

2023 கோடையில் ஒரு மாலை. கலிஃபோர்னியாவில் நான் வசிக்கும் ஊரின் நகர்மன்றக் குழுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாநில மசோதாக்கள் மீது நகரம் என்ன நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பேச்சு. வீட்டுவசதி, வாடகை, தண்ணீர் என்று போன பட்டியலின் நடுவே எஸ்.பி. 403 இருந்தது. சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்யும் மசோதா. பேச விரும்புவோர் நிரப்பித் தரவேண்டிய சீட்டு என் கையில். பெயரைக்கூட எழுதிவிட்டேன்.

ஆனால் கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மசோதாவை எதிர்த்துப் பேச வந்தவர்களில் இருவர் என் அலுவலகத்துக்காரர்கள். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாகிறது. ஒலிவாங்கி முன்னால் போய், ‘நான் தலித், எனக்கு இந்தச் சட்டம் வேண்டும்’ என்று சொன்னால், இத்தனை வருடம் மதிய உணவு மேசையில் நான் மறைத்து வைத்தது ஒரே நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேலை போனால் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள். இந்தக் கட்டுரையைக்கூடப் புனைபெயரில்தான் எழுதுகிறேன்.

சாதி வெளிப்பட்டால் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சட்டம். அதைக் கேட்பதற்கே முதலில் சாதியை வெளிப்படுத்த வேண்டும் என்றால் எப்படி?

எதிர்ப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. குடும்பத்தோடு வந்தார்கள், பெயர் சொல்லிப் பேசினார்கள், கைதட்டினார்கள். இரண்டு தரப்பும் இருக்கிறது என்று சொல்லி, குழு மசோதாவை ‘கவனிப்பு’ப் பட்டியலில் போட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போனது. அறையில் கேட்டது ஒரு தரப்பு மட்டும்தான். இன்னொரு தரப்பு சட்டைப்பையில் இருந்தது.

‘மாநிலச் சட்டத்தைப் பற்றி நகர்மன்றம் சொல்லி என்ன ஆகிவிடப் போகிறது? சாக்கடையையும் சாலையையும் பார்க்கட்டுமே’ என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நகர்மன்றத் தீர்மானம் சட்டமாகாது என்பது உண்மைதான். ஆனாலும் கலிஃபோர்னியாவின் நகரங்கள் இதை விளையாட்டாகச் செய்வதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில், ஒரு மசோதா மீது நகரத்தின் அதிகாரப்பூர்வ நிலைப்பாடு என்று சொல்லவேண்டுமானால் நகர்மன்றம் தீர்மானம் போட வேண்டும், மேயரும் இசைய வேண்டும். நகரங்கள் அனுப்பும் ஆதரவுக் கடிதங்கள் சட்டமன்றக் குழுவின் ஆய்வறிக்கையில் ஆதரிப்போர் பட்டியலில் ஏறுகின்றன. தயங்கி நிற்கும் உறுப்பினர் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நகரம் கடிதம் எழுதினால் என்னைப் போன்றவர்கள் பெயர் சொல்லாமலே எங்கள் கோரிக்கை சட்டமன்றத்துக்குப் போய்ச் சேரும். தனிமனிதர் தர முடியாத விலையை ஒரு நிறுவனம் தர முடியும். நகரத்தை யாரும் வேலையைவிட்டு நீக்க முடியாது.

நகரங்களால் முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர்மன்றம் 6-1 என்ற வாக்கில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ஒருமனதாக அதைச் செய்தது. எஸ்.பி. 403-ஐக் கொண்டுவந்த ஆயிஷா வஹாப் மாநில செனட்டுக்குப் போவதற்கு முன்பு ஹேவர்ட் நகர்மன்ற உறுப்பினராக இருந்தவர்.

அந்த மசோதா மே மாதம் செனட்டில் 34-1 என்று நிறைவேறியது. கீழவையில், சாதியைத் தனி வகையாக வைக்காமல் ‘வம்சாவளி’ என்பதன் விளக்கத்துக்குள் சேர்த்து மென்மையாக்கினார்கள். அப்படியும் இரு அவைகளையும் தாண்டியது. ஆளுநரின் கையெழுத்துக்காக சாக்ரமெண்டோவில் தேன்மொழி சௌந்தரராஜன் உள்ளிட்ட தோழர்கள் உண்ணாநோன்பு இருந்தார்கள். அக்டோபர் 7 அன்று ஆளுநர் கேவின் நியூசம் மசோதாவை நிராகரித்தார். ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதும், இது தேவையற்றது என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தக் காரணம் நமக்குப் புதிதல்ல. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950-லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. அது போதும் என்று நின்றிருந்தால் 1955-இல் ஒரு சட்டமும், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எதற்காக வந்தன? பொதுச் சொல்லுக்குள் சாதி ஒளிந்துகொள்ளும். பெயர் சொல்லி எழுதினால்தான் புகாரை வாங்கும் அதிகாரி அதைப் புரிந்துகொள்வார். ‘இது இந்துக்களைக் களங்கப்படுத்துகிறது’ என்றார்கள். மசோதா சாதிக்குத் தந்த விளக்கத்தில் எந்த மதத்தின் பெயரும் இல்லை, எந்த நாட்டின் பெயரும் இல்லை.

எங்கள் ஊர் ஒரு கடிதம் எழுதியிருந்தால் ஆளுநர் மனம் மாறியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘தேவையில்லை’ என்று எழுதுவது அவருக்கு ஏன் அவ்வளவு எளிதாக இருந்தது? என் ஊரைப் போலக் ‘கவனித்து’க்கொண்டிருந்த நகரங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு பக்கம் பயந்து வாய்மூடிக் கிடக்கும்போது எடுக்கப்படும் நடுநிலை, பேசுகிறவர் பக்கம்தான் சாயும்.

எனவே இங்கே வாழும் முற்போக்குத் தமிழ் இளைஞர்களிடம், குறிப்பாக ஆதிக்க சாதிகளில் பிறந்து சாதியை எதிர்க்கும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்பேத்கர் படத்தைப் பகிர்வதோடு நிற்காதீர்கள். வழக்கமான கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டம். அதை எடுத்துப் படியுங்கள். அந்த அறைகளில் பேசுவது பொதுமக்களின் உரிமை. ஒலிவாங்கி முன் நின்று உங்கள் பெயரைச் சொன்னால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

மசோதா மறுபடியும் வரும். அன்றைக்கு எங்கள் ஊர்க் குழுவில் அந்தச் சீட்டை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். நான் கடைசி வரிசையில் இருப்பேன்.