அந்த நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்!

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் சொந்தத்தில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், விடுமுறையில் நண்பர்கள் நாலு பேரோடு விளையாட ஒரு கதையாட்டம் தயாரிக்கிறான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது. இன்றைய நகரத்துக்குள் மாய சக்திகள் ஒளிந்திருப்பதாகக் கற்பனை. கடையில் வாங்கிய கதை அல்ல, அவனே எழுதுவது. இதற்குத்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக வசவு. சூதாட்டமாம், பேய் விளையாட்டாம். நோட்டையும் பிடுங்கி வைத்துவிட்டார்களாம்.

பெரியவர்களே, பகடையைத் தொட்டாலே சூதா? வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க நாம் பரமபதம் ஆடவில்லையா? பணம் வைத்தால்தான் சூது. இதில் பைசா கிடையாது.

பேய் பயமும் புதிதல்ல. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. 1980களில் அங்கேயும் பெற்றோர் சிலர் சாத்தான் வழிபாடு என்று கூச்சல் போட்டார்கள். கூச்சல் அடங்கிவிட்டது. ஆட்டம் 50 ஆண்டு தாண்டி நிற்கிறது.

இதில் என்ன படிப்பு என்கிறீர்கள். இரண்டு பகடை உருட்டினால் 36 வழி. கூட்டுத்தொகை 7 வர 6 வழி, 12 வர ஒரே வழி. எந்தக் காரியம் எளிது, எது கடினம் என்று விதி வகுக்க இந்தக் கணக்கு வேண்டும். ஆடுபவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, அதனால் முடிவை முன்கூட்டி எழுத முடியாது. ஊரையும் ஆட்களையும், யாருக்கு என்ன வேண்டும் என்பதையும்தான் எழுதி வைக்க முடியும். வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது தம்பி, உனக்கு. உன் கதை ஏன் சிகாகோவில் நடக்கிறது? நீ நடக்காத தெருவில் ரத்தக்காட்டேரி எதற்கு? பிளவக்கல்லில் தொடங்கு. பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணை. பின்னால் 2021இல் புலிகள் காப்பகமான மலை. அணை திறந்தால் எந்தக் கண்மாய்க்கு முதல் தண்ணீர்? இந்த ஒரு கேள்வி போதும் பத்து நாள் ஆட்டத்துக்கு. மடையில் ஒரு காவல் தெய்வம், எதிரே பழைய நீர்பாய்ச்சியின் பேத்தி. அங்கிருந்து திருவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கும் ராஜபாளையம் மில்லின் இரவு ஷிப்டுக்கும் கதையைக் கொண்டுவா. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி எந்தக் காயத்தையும் ஆற்றும், ஆனால் நெய்தவருக்கு ஒரு நினைவு அழியும் என்று வை. விலை கொடுக்காமல் கிடைக்கும் மாயத்தில் சுவை இல்லை.

ஒன்றை மறக்காதே. கருப்பசாமியும் முனியும் இன்றும் நம் ஜனங்கள் பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமிகள். வெட்டிப் புள்ளி சேர்க்கும் பூதமாக்கிவிடாதே. உன் ஆட்டக்காரர்கள் நேர்ந்துகொண்டு, வாக்குக் கொடுத்து, சம்மதம் வாங்கட்டும்.

பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடக்கிறார்கள் எனப் புலம்புவதும் நாம்தான். நாலு பேர் முகம் பார்த்துப் பேச உட்கார்ந்தால் நோட்டைப் பிடுங்குவதும் நாம்தான். இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஊர்க் கண்மாய், மடை, மில் பற்றிக் கேட்ட கதைகளைக் கீழே எழுதுங்கள். அந்தப் பையனுக்கு உதவும்.