எறும்பன்று, வண்டு!

மழை ஓய்ந்த இரவுகளில் நம் வீட்டு விளக்கடியில் பலவகைப் பூச்சிகள் வந்து கூடுவதை யாவரும் அறிவோம். அவற்றுள் ஒன்று பார்வைக்கு எறும்பு போன்றது. ஆயினும் அஃது எறும்பன்று, வண்டினத்தைச் சேர்ந்தது. பூச்சியியலார் அதனைப் ‘பீடரஸ்’ என்பர். ஈரமான வயல் நிலமே அதன் இருப்பிடம். பலாங்கொடை போல, மேட்டில் தேயிலையும் பள்ளத்தில் நெல்வயலும் அமைந்த ஊர்களில் வாழும் நாம் இதனை இனங்கண்டு கொள்ளுதல் நலம்.

அடையாளம் எளிது. நீளம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். தலை கறுப்பு, அதனை அடுத்த பகுதி செம்மஞ்சள், பின்னர் நீலப் பச்சையாய் மின்னும் சிறகுறை, வயிறு மீண்டும் செம்மஞ்சள், வால் நுனி கறுப்பு. சிறகுறை மிகக் குட்டையாதலால் வயிற்றின் பெரும்பகுதி வெளியே தெரியும். கலைத்தால் வாலை உயர்த்திக்கொண்டு விரைந்தோடும்.

அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. நம் கையே நமக்குப் பகையாகின்றது. மேனியில் ஊரும்போது அடித்து நசுக்கினால், அதன் உடல்நீரிலுள்ள நஞ்சு தோலிற் படிகின்றது. 1953ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர்களான பவானும் போவும் இரண்டரைக் கோடி வண்டுகளிலிருந்து அந்நஞ்சைப் பிரித்தெடுத்துப் ‘பீடரின்’ எனப் பெயரிட்டனர். வண்டினுள் வாழும் ஒருவகைப் பக்டீரியாவே அதனை ஆக்குகின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று.

நஞ்சு பட்டவுடன் ஒன்றும் தோன்றாது. அரை நாள் முதல் ஒன்றரை நாளுக்குள் அவ்விடம் கோடிழுத்தாற் போலச் சிவந்து, எரிந்து, கொப்புளிக்கும். இரவில் நசுக்கிய பூச்சியை மறந்துவிட்டு, அக்கி என்றெண்ணிக் காவி பூசுவோரும் உளர். அந்தக் கையாற் கண்ணைக் கசக்கினால் கண்ணும் வீங்கும்.

ஆகவே, வண்டு மேனியில் ஊர்ந்தால் ஊதி விடுக. அன்றேல் ஒரு தாளில் ஏறவிட்டு அகற்றுக. தவறி நசுங்கினால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவி, உடுப்பையும் துவைத்திடுக. கண்ணிற் பட்டாலும், புண் பரவினாலும் வைத்தியரை நாடுக. படுக்கைக்கு நேர்மேலே விளக்கு வேண்டாம். படுக்குமுன் பாயையும் போர்வையையும் உதறுதல் நன்று; நுளம்பு வலையும் காக்கும்.

இவ்வண்டை ஒழித்துவிட எண்ணுதலும் தகாது. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்திப் பூச்சிகளை உண்டு உழவனுக்கு உதவுவதும் இதுவே. மாணவர்கள் இதனைக் கண்டால் கையாற் பிடியாது, கண்ணாடிக் குவளையாற் கவிழ்த்து மூடி நிறங்களை எண்ணிப் பார்க்கலாம். பார்த்தபின் வயலோரத்திலே விட்டுவிடுதல் முறை.