‘தேறியது’ என்றால் போதுமா?

காற்றாலை என்றதும் உயர்ந்து நிற்கும் இறக்கைகள்தாம் நம் நினைவுக்கு வரும். அவற்றுக்குப் பின்னால் உள்ள கூண்டுக்குள் சுழல்தண்டு, பேரிங், கியர் பெட்டி, மின்னாக்கி என ஓர் இயக்கத் தொகுதியே உழைக்கிறது. அதனைக் கோபுரத்தில் ஏற்றும் முன் ஆய்வுக்கூடத்தில் மோட்டாரால் சுழற்றிச் சுமையேற்றிச் சோதிப்பார்கள். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2013இல் 15 மெகாவாட் வரையிலும், ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் கூடம் 2015இல் 10 மெகாவாட் வரையிலும் இதற்கான மேடைகளை அமைத்தன.

அங்கே ‘தேறியது’ என்று முத்திரை விழுந்தால் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் ‘கட்டுப்படுத்தப்பட்ட மாறி’ என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? ஆய்வுக்கூடம் எதை மாறாமல் வைக்கிறதோ, அதைக் காற்று மாற்றிக்கொண்டே இருக்கிறது. 20 ஆண்டு உழைக்க வேண்டிய கியர் பெட்டிகள் பல அதற்கு வெகு முன்பே பழுதாயின. காரணம் அறிய, அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுக்கூடம் 2007இல் ஒரு கூட்டாய்வைத் தொடங்கியது. ஒரே வகை 750 கிலோவாட் கியர் பெட்டிகளைக் கூடத்திலும் களத்திலும் ஆராய்ந்தது. சுழலியின் எடையும் சீரற்ற காற்றும் தண்டைத் திருகுவதோடு நில்லாமல் வளைக்கவும் செய்கின்றன. அதனால் பேரிங்குகள் சுமையைச் சமமாகப் பகிர்வதில்லை. முறுக்குவிசையை மட்டும் கொடுக்கும் சோதனை இதைக் காட்டாது.

அளவீட்டிலும் சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு 10 முறை சுழலும் 10 மெகாவாட் காற்றாலையின் தண்டில் முறுக்குவிசை ஏறத்தாழ 9.5 மெகா நியூட்டன் மீட்டர். ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனத்தின் தர இயந்திரமோ நெடுங்காலம் 1.1 மெகா நியூட்டன் மீட்டர் வரைதான் அளவுமானிகளைச் சரிபார்த்தது. அதற்கு மேல் கணக்கால் நீட்டித்தே நம்ப வேண்டியிருந்தது.

‘சிறு பிழைதானே’ என்று கேட்கலாம். 100 பங்கு ஆற்றல் உள்ளே சென்று 95 வெளிவந்தால் இழப்பு 5. உள்ளே செல்வதை அளப்பதில் ஒரு விழுக்காடு பிழை நேர்ந்தால், இழப்பு 4ஆகவும் இருக்கலாம், 6ஆகவும் இருக்கலாம். எந்த வடிவமைப்பு சிறந்தது என்ற தீர்ப்பே மாறிவிடும்!

அப்படியானால் ஆய்வுக்கூடம் வீணா? இல்லவே இல்லை. கடலில் பழுதான கியர் பெட்டியை மாற்றக் கிரேன் கப்பலே போக வேண்டும். மேலும், ஒரே சுமையை மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்க்கும் வசதி காற்றுவெளியில் கிடைக்காது. ஆகவே சோதனை வேண்டும். ஆனால் எந்தச் சுமையைக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்கவில்லை, அளவில் எவ்வளவு ஐயம் என்ற மூன்றும் முடிவுடன் சேர்ந்தே வர வேண்டும்.

‘பிழை அளவு’ என்ற பகுதியைச் சடங்காக நிரப்பும் பழக்கம் நம் மாணவர் அறிக்கைகளிலும் உண்டு. நாளை பொறியியலாளராகக் கையொப்பமிடப் போகும் நண்பர்களே, அந்தப் பகுதியை இன்றே மதிக்கப் பழகுவோம். ஐயத்தை அளந்து சொல்வது பலவீனமன்று. அதுவே அறிவியலின் நேர்மை.