அசரீரியா, வானொலியா?

புராணங்களிலே அசரீரி என்று ஒன்று உண்டு. உடம்பில்லாத குரல் ஒன்று ஆகாயத்திலிருந்து பேசும். கீழே உள்ளவர்கள் கைகட்டி வாய் புதைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்சனுக்கு அப்படி ஒரு குரல் பேசிற்று என்கிறார்கள். "நீ யார்? உனக்கு எப்படித் தெரியும்? அத்தாட்சி என்ன?" என்று திருப்பிக் கேட்க அவனுக்கு வழியில்லை. முடிவில் பச்சைக் குழந்தைகள் கொல்லப்பட்டதாகக் கதை சொல்லுகிறது. எதிர்க்கேள்வி கேட்க முடியாத குரலுக்குக் கட்டுப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு, கதை கட்டினவர்களையும் அறியாமல், அந்தக் கதையே சாட்சியாக நிற்கிறது.

நமது மத்திய சர்க்கார் தமது வானொலிக்கு வைத்திருக்கும் பெயரோ ஆகாசவாணி. 2023ஆம் வருஷம் மே மாதத்தில், "ஆல் இந்தியா ரேடியோ" என்று சொல்வதையும் நிறுத்தி, ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. தமிழ்நாட்டில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பிற்று. எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் பெயரோடு சண்டை முடிந்துவிடக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். பெயருக்கு ஏற்றபடியே காரியமும் நடக்கிறது என்பதுதான் நாம் சொல்ல வந்த விஷயம்.

எப்படியெனில், இந்நாட்டில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு பத்திரிகை நடத்தலாம். அதில் அரசியல் எழுதலாம். கோடிக்கணக்கில் பணமுள்ளவன் டெலிவிஷன் வைத்து இருபத்துநாலு மணி நேரமும் செய்தி சொல்லலாம். மந்திரிகளைக் கூப்பிட்டு வைத்துச் சண்டை மூட்டிவிடலாம். ஆனால் வானொலியில் மட்டும், சர்க்காரைத் தவிர வேறு எவரும் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. தனியார் எப்.எம். நிலையங்கள் செய்தி சொல்ல ஆசைப்பட்டால், சர்க்கார் வானொலியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாமாம். பொதுமக்கள் நடத்தும் சமுதாய வானொலிக்கும் நாட்டு நடப்பு அரசியல் ஆகாது. இதுதான் சட்டம்.

இதில் உள்ள சூட்சுமத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பத்திரிகை படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். டெலிவிஷன் நிலையம் வைக்கக் கோடிகள் வேண்டும். வானொலிக்கோ கேட்பவனுக்கு எழுத்து வேண்டாம். நடத்துகிறவனுக்கும் பெரிய முதல் வேண்டாம். கை வேலை செய்யும், காது கேட்கும். அதாவது ஏழைக்கும் பாமரனுக்கும் கைக்கெட்டும் கருவி எதுவோ, அதன் வாய்க்கு மட்டும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். இது தற்செயல் என்று எம்மை நம்பச் சொல்கிறார்களா?

சட்டம் வேறு என்ன சொல்லுகிறது பாருங்கள். சமுதாய வானொலிக்கு 2006ஆம் வருஷம் வகுத்த விதிகளிலே, மூட நம்பிக்கையையும் குருட்டு நம்பிக்கையையும் வளர்க்கும் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. நல்ல விதி. செய்தி கூடாது என்பது ஒரு விதி. மூட நம்பிக்கை கூடாது என்பது ஒரு விதி. இரண்டில் எந்த விதியைக் கண்டு எல்லோரும் நடுங்குகிறார்கள்? ராகு காலமும் ராசி பலனும் சொன்னதற்காக எந்த நிலையத்தின் கதவையாவது சாத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் முனிசிபாலிட்டியின் கணக்கைக் கேட்கலாமா என்றால் உடனே லைசென்சு ஞாபகம் வந்துவிடுகிறது. சனி எந்த வீட்டில் இருக்கிறான் என்று சொல்லலாம். ரேஷன் அரிசி எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்கக் கூடாது!

அன்றியும், 1995ஆம் வருஷம் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே, ஒலி அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொதுச் சொத்தில் யாருக்குப் பேச இடம் கிடைத்திருக்கிறது? பிரதம மந்திரி 2014 அக்டோபர் 3ந் தேதி விஜயதசமி நாளில் தொடங்கி மாதந்தோறும் வானொலியில் மனம் திறந்து பேசுகிறார். பேசட்டும். அவருக்கு மனம் இருப்பதுபோல் நெசவாளிக்கும் ஒரு மனம் இருக்கிறதே, அதைத் திறக்க எந்த அலைவரிசையை ஒதுக்கினீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

உதாரணமாகப் பொதட்டூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். நெசவை நம்பி வாழும் ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பிரதேசம். எந்த ராஜ்யத்தோடு சேருவது என்பதையே போராடித் தீர்த்துக்கொண்ட பகுதி அது. 1960 ஏப்ரல் 1ந் தேதிதான் திருத்தணிப் பகுதி ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்திற்கு வந்தது. அங்குள்ள தொழிலாளிக்குச் சென்னை நிலையமும் பேசுகிறது, திருப்பதி நிலையமும் பேசுகிறது. ஆனால் நூல் விலை ஏறினால் கூலி ஏன் ஏறவில்லை, விசைத்தறிக்கு இரண்டு மாதத்திற்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023இல் உயர்த்தினார்களே, அதன் பலன் தறி முதலாளியோடு நின்றதா, கூலிக்கு ஓட்டுகிறவன் வரை வந்ததா, பொங்கல் வேட்டி சேலைக்கான நெசவு எந்த ஊருக்கு எவ்வளவு போயிற்று, பேரூராட்சிக் கூட்டத்தில் நேற்று என்ன தீர்மானம் ஆயிற்று என்பதை அந்த ஊர் மக்களே அந்த ஊர் மக்களுக்குச் சொல்ல ஒரு குரலும் இல்லை. இவையெல்லாம் அரசியலாம்! வயிற்றுப் பாடு அரசியலென்றால், அரசியல் பேசாதே என்பதற்குப் பட்டினியைப் பற்றிப் பேசாதே என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம்?

ஊர் வானொலி என்பது நமக்குப் புதிதும் அல்ல. 1924இல் சென்னையில் ஒரு ரேடியோ சங்கத்தார் தமது சொந்த முயற்சியால் ஒலிபரப்பு ஆரம்பித்தார்கள். பணமில்லாமல் அது நின்றுபோன பிறகு, 1930இல் சென்னைக் கார்ப்பரேஷனே வானொலி நடத்திற்று. 1938 ஜூனில்தான் அது இந்திய சர்க்கார் நிலையமாயிற்று. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு நகரசபை நடத்திய காரியத்தைச் சுயராஜ்யத்தில் ஒரு பேரூராட்சி நினைத்துக்கூடப் பார்க்க முடியாதென்றால், சுயராஜ்யம் யாருக்கு வந்தது?

திறமை இல்லை என்பார்கள். தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கத்தில், மச்சனூர் என்னும் கிராமத்தில், தாழ்த்தப்பட்டவர்கள் என்று தள்ளி வைக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் 2008 முதல் சங்கம் ரேடியோ நடத்துகிறார்கள். நமது பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகக் கடல் ஓசை என்ற நிலையம் பேசுகிறது. திறமை பூணூலிலும் இல்லை, பட்டத்திலும் இல்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன ருஜு வேண்டும்? காற்று எப்படி அடிக்கும் என்று மீனவனுக்கு மீனவன் சொல்லலாம் என்னும்போது, சர்க்கார் எப்படி நடக்கிறது என்று சொன்னால் மட்டும் கடல் பொங்கிவிடுமா?

நாட்டுக்கு ஆபத்து என்பது இன்னொரு சமாதானம். செய்திக்கு ஏன் தடை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கேட்டபோது, பந்தோபஸ்தைக் காரணம் காட்டினார்கள். அண்டை நாடான நேபாளத்தைப் பாருங்கள். இந்து ராஜ்யம் என்று பெயர் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1997இல் அங்கே சாகர்மாதா வானொலி பிறந்தது. ஊர் வானொலிகள் செய்தி சொல்லின. 2005 பிப்ரவரியில் மன்னர் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டு முதலில் செய்த காரியங்களில் ஒன்று, எப்.எம். செய்திக்குத் தடை. ஜனங்கள் கூட்டம் கூடித் தெருவிலே நின்று செய்தி படித்தார்கள். 2008இல் மன்னர் பதவியே ஒழிந்தது. வானொலிச் செய்தியால் ஆபத்து யாருக்கு என்பது இதிலிருந்து விளங்கும். கடல் கடந்து பொலிவியா நாட்டில், தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டு 1940களின் கடைசியிலிருந்து சங்க வானொலிகள் நடத்தினார்கள். 1980இல் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது, கடைசிவரை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தவை அந்தக் குரல்களே.

நிற்க, ஊர் வானொலி என்றால் ஊர்ப் பெரியதனக்காரர்களின் வானொலியாகிவிடாதா என்று நம் தோழர்களே கேட்கலாம். அவசியமான கேள்வி. கோவில் தர்மகர்த்தாவும் ஜாதித் தலைவர்களும் தறி முதலாளிகளும் கூடி ஒரு நிலையம் வைத்தால், அது ஊருக்குள்ளேயே ஓர் அசரீரி ஆகுமேயொழிய வேறில்லை. ஆகவே நாம் கேட்கும் வானொலிக்கு நிபந்தனைகள் உண்டு. நிர்வாகத்தில் சரிபாதி பெண்கள் இருக்க வேண்டும். சேரியிலிருந்தும் கூலித் தறிக்காரரிலிருந்தும் ஆட்கள் இருக்க வேண்டும். தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். யார்மீது குறை சொல்லப்படுகிறதோ, அவருக்கு அதே நேரத்தில் அதே அளவு பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். ஜோசியத்திற்கு ஒரு நிமிஷமும் கூடாது. பொய் சொன்னால் அவதூறுச் சட்டம் இருக்கவே இருக்கிறது. கைப்போனில் ஆளில்லாப் பெயரில் பறக்கும் வதந்தியைவிட, பெயரும் விலாசமும் உள்ள நிலையத்தின் பேச்சு எவ்வளவோ யோக்கியதையுடையது. தப்பென்றால் போய்க் கதவைத் தட்டிக் கேட்கலாம்.

1933இல் "குடி அரசு" தலையங்கம் ஒன்றுக்காகப் பெரியார்மீது வெள்ளைக்கார சர்க்கார் ராஜத்துவேஷ வழக்குப் போட்டது, தண்டித்தும் விட்டது. அந்த அடக்குமுறை சர்க்கார்கூட, எழுதின பிறகுதான் தண்டித்தது. இன்றைய சட்டமோ வாயைத் திறக்கும் முன்பே கட்டிவிடுகிறது. எது கொடுமை என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

ஆகவே, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதித் தோழர்கள் சும்மா இருக்கக் கூடாது. நெசவாளர் சங்கங்களும் மாதர் குழுக்களும் வாசகசாலைகளும் கூட்டம் போட்டு, சமுதாய வானொலிக்குச் செய்தியும் அரசியலும் பேசும் உரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்து டெல்லிக்கு அனுப்ப வேண்டும். அரக்கோணம் தொகுதியில் பார்லிமெண்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், இதற்கு ஆம் அல்லது இல்லை என்று மேடையிலேயே பதில் வாங்க வேண்டும். நம்மிடம் ஓட்டுக் கேட்க மட்டும் ஒலிபெருக்கியோடு வருகிறவர்களிடம், அந்த ஒலிபெருக்கியின் மறுமுனை எங்கே என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.