சூழ்ச்சியும் சட்டமும்: ‘டேயுஸ் எக்ஸ்’ குறித்து ஒரு மறுப்பு

புதியதொரு கலைவடிவம் தோன்றும்போது அதனை ஏளனம் செய்வோரும், அதன்முன் கைகூப்பி நிற்போரும் என இரு சாரார் உருவாதல் இயல்பு. கணினி விளையாட்டுகள் பற்றி எம்மிடையே நிலவும் கருத்துகளும் இவ்விரு எல்லைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஏளனம் செய்வோருக்கு ஈண்டு விடை கூறப் புகவில்லை. நாவலும் திரைப்படமும் அத்தகைய ஏளனத்தைக் கடந்தே வந்தன. எமது வாதம் கைகூப்பி நிற்போருடனேயே. குறிப்பாக, ‘டேயுஸ் எக்ஸ்’ என்னும் விளையாட்டை எமது காலத்தின் அரசியற் பாடநூலாகப் போற்றும் மாணவ நண்பர்களுடனேயே.

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த இவ்விளையாட்டு, அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் இயங்கிய ‘அயன் ஸ்ரோம்’ நிறுவனப் பிரிவில் வொரன் ஸ்பெக்ரரின் தலைமையில் உருவாயிற்று. ஆடுபவரின் கண்வழியே உலகைக் காட்டும் சுடுதல் விளையாட்டும், ஒரு பாத்திரத்தை ஏற்று அதன் திறன்களைப் படிப்படியாக வளர்க்கும் விளையாட்டும் இதில் ஒன்றாயின. ஈட்டிய புள்ளிகளைத் துப்பாக்கிப் பயிற்சியிற் செலவிடலாம். மருத்துவத்திலோ, நீச்சலிலோ, பூட்டுத் திறப்பதிலோ செலவிடலாம். ஒன்றில் வல்லவனாக வேண்டின் பிறிதொன்றை இழக்க வேண்டும். கதை 2052ஆம் ஆண்டில் நிகழ்கிறது. ‘சாம்பற் சாவு’ எனும் கொள்ளைநோய் ஏழைகளைக் கொல்கிறது; அதற்கான மருந்தோ அதிகாரம் படைத்தோரின் கையில் இருக்கிறது. கதாநாயகன் ஜே.சி. டென்ரன், ஐக்கிய நாடுகளின் பயங்கரவாத எதிர்ப்புப் படையின் பணியாளன்.

இவ்விளையாட்டின் உண்மையான சிறப்பை மறைப்பது எமது நோக்கமன்று. ஒரு கட்டத்தில் விமானமொன்றினுள் லெபெடெவ் என்பவர் நிராயுதபாணியாக அகப்படுகிறார். அவரைக் கொல்லுமாறு கட்டளை வருகிறது. ஆடுபவர் கொல்லலாம், கொல்ல மறுத்து, உடன்வந்த அதிகாரி கொல்வதைப் பார்த்திருக்கலாம், அல்லது அந்த அதிகாரியையே எதிர்க்கலாம். கட்டளைக்குப் பணிதலும் ஒரு தெரிவே, அதற்கும் பொறுப்புண்டு என்பதை இக்காட்சி உணர்த்துமளவுக்குப் பல நாவல்கள் உணர்த்தியதில்லை.

ஆனால் எமது நண்பர்கள் போற்றுவது இதனையன்று. அவர்கள் போற்றுவது ‘தீர்க்கதரிசனத்தை’. விளையாட்டிற் காணப்படும் நியூயோர்க் நகரில் இரட்டைக் கோபுரங்கள் இல்லை. ஆகவே 2001 செப்டெம்பர் 11 முன்னரே அறியப்பட்டதாம்! கணினி நினைவகத்தின் இடநெருக்கடியால் அக்கோபுரங்கள் விடுபட்டன என்பதை உருவாக்கியவர்களே கூறியுள்ளனர். தற்செயலைத் தரிசனமாக்கும் இம்மனப்பாங்கை இவ்விளையாட்டே வளர்க்கிறது என்பதுதான் எமது குற்றச்சாட்டு. அதன் உலகில் நோயும் வறுமையும் போரும் இரகசியக் குழுவொன்றின் சூழ்ச்சிகள். மறைந்திருக்கும் கையைக் கண்டுபிடித்தால் உலகம் விளங்கிவிடும்.

புசல்லாவையின் தேயிலை மலைகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த எமக்கு இது விளங்கவில்லை. எம் மூதாதையரை ஒடுக்கிய கை எக்காலத்தில் மறைந்திருந்தது? 1921இல் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியின் கடன் ‘துண்டு’ எனும் சீட்டில் எழுதப்பட்டே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிற்று. துரையின் கட்டளை விடிகாலையிற் பெரட்டுக்களத்தில் அனைவர் முன்னிலையிலும் ஒலித்தது. எம் மக்களை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்பில் நிறைவேறிற்று. 1964 ஒக்ரோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரின் விதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. இவற்றுள் இரகசியம் எது? 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோதும் தோட்டக் கம்பனிகள் பகிரங்கமாகவே நீதிமன்றம் சென்றன. அநீதி வெளிச்சத்தில் நின்றது. அதனைத் தடுக்கும் பலம் எம்மிடம் இருக்கவில்லை. குறை அறிவில் இல்லை, அணிதிரள்வதில் இருந்தது.

சூழ்ச்சி தேடும் பழக்கம் வெறும் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் கண்டி மாவட்டத்தின் அண்மைய வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாக வதந்தி பரவிற்று. அகப்பட்டது வெறும் மாவுக்கட்டி எனப் பின்னர் பகுப்பாய்வில் தெரிந்தது. ஆயினும் ஓர் இனத்தை அழிக்க மற்றோர் இனம் மறைவிற் சதிசெய்கிறது எனும் நம்பிக்கை அதற்குள் வேரூன்றிவிட்டது. அடுத்த மாதம் தெருத் தகராறொன்றில் தாக்கப்பட்ட சாரதி இறந்தபோது, திகனையிலும் சுற்றுப்புறத்திலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறைந்த எதிரியைத் தேடுபவன் ஈற்றில் அயலவனையே கண்டுபிடிக்கிறான்.

நோய்நாடல் தவறாயின் மருந்தும் தவறாகும். விளையாட்டின் ஈற்றில் மூன்று முடிவுகள் வைக்கப்படுகின்றன. ஆட்சியைப் பழைய இரகசியக் குழுவிடம் மீளக் கையளிக்கலாம். ஹீலியோஸ் எனும் செயற்கை அறிவுடன் ஒன்றி உலகை ஆளலாம். உலகத் தொடர்பாடலின் மையத்தைத் தகர்த்து மானிடரை இருளில் விடலாம். தெரிவு செய்பவன் தனியொருவன். மருந்துக்காகத் தெருவில் ஏங்கி நின்றவர்களுக்கு இம்மூன்றிலும் வாக்கில்லை. சிக்கலை அவிழ்க்க மேடையில் இயந்திரத்தின் மூலம் இறக்கப்படும் கிரேக்க நாடகக் கடவுளின் பெயரையே இவ்விளையாட்டு சூடியிருப்பது பொருத்தமே.

விளையாட்டைத் தனியொருவர் ஆடுகிறார். ஆகவே முடிவும் ஒருவருடையதாக இருத்தல் வடிவத்தின் நியதி எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதம் வலுவற்றது. நாவலையும் ஒருவர் தனித்தே வாசிக்கிறார். எனினும் அது ஒரு மக்கட்கூட்டத்தின் போராட்டத்தைச் சொல்ல வல்லது. விமானக் காட்சியில் ஒரு மனிதனின் பொறுப்பை உணர்த்திய அதே வடிவம், பலருள் ஒருவனாக நிற்பவனின் பொறுப்பையும் உணர்த்த முடியும். அவ்வாறு செய்யாதது அதன் உலகநோக்கின் குறை.

ஆகவே நண்பர்களே, இவ்விளையாட்டை ஆடுங்கள், அது ஆடத்தக்கது. அதனை எமது வரலாற்றுக்கு உரையாக்காதீர்கள். 975,000 மக்களின் விதியை அவர்களைக் கேளாமல் இரு தலைவர்கள் தீர்மானித்த அநீதியை அறிந்த சமூகம், உலகின் விதியை ஒருவன் தீர்மானிக்கும் முடிவை விடுதலையெனக் கொள்ளலாகாது. எம் மக்கள் மீண்டும் பெற்ற வாக்குரிமையும், உயர்த்திய ஒவ்வொரு ரூபாச் சம்பளமும், வானிலிருந்து இறங்கிய எவனாலும் வந்தவையல்ல. பெரட்டுக்களத்திற் கூடிநின்று வேலைக்குச் செல்ல மறுத்தவர்களின் துணிவினையும் சேர்த்தே அவை பெறப்பட்டன.