ராஸ் தீவின் ஆடுதளம்

போர்ட் பிளேயரின் மறைந்த இரவு வாழ்வை எழுதப் புகுவோர் பலரும் ராஸ் தீவின் இடிபாடுகளைக் கண்டு உருகி, 'கிழக்கின் பாரிஸ்' என்று பெருமூச்செறிகின்றனர். எனக்கு அவ்வுருக்கத்தில் உடன்பாடில்லை.

1858 முதல் ஆங்கிலேயரின் தலைமையிடமாயிருந்த அத்தீவில் தேவாலயம், ரொட்டிக்கூடம், நீச்சற்குளம் எல்லாம் இருந்தன. ஆடுதளத்தோடு கூடிய மன்றமும் இருந்தது. அது கீழ்நிலை அலுவலர்க்கானது. களியாட்டத்திலும் பதவிப் படிநிலையைக் காத்தவர்கள் அவர்கள்! காடழித்து அவற்றை எழுப்பிய கைகளோ கைதிகளுடையவை. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை எதிர்க்கரையிலேயே நிற்கிறது. பகலெல்லாம் அங்கே செக்கிழுத்தவர்கள் இரவில் தனியறைகளில் பூட்டப்பட்டனர். வ.உ.சி.யை அறிந்த தமிழர்க்குச் செக்கை விளக்க வேண்டியதில்லை.

1941 சூன் 26ஆம் நாள் நிலநடுக்கம் தீவைக் குலைத்தது; 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்திறங்கினர். அத்தோடு இசை ஓய்ந்தது. இன்று சுவர்களை மரவேர்கள் பற்றியிருக்க, புள்ளிமான்கள் மேய்கின்றன.

2018இல் தீவுக்கு நேதாஜியின் பெயரைச் சூட்டினோம். நல்லது. அம்மன்றத்தைக் கட்டிய கைதிகளைப் பற்றியும் அதன் வாயிலில் நான்கு வரி எழுதி வைக்கலாமே.